எட்டில் மூன்று பங்கு ஈரல்

என் ஈரலில் ஒரு கட்டி வளர்ந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரி அதைப் பார்க்க மறுத்தது. நான் முதலில் போர்ச்சுகீஸ் என்று சொல்லிவிட்டேன். நடந்த தப்பு அவ்வளவுதான்.

பெயர் வால்டர் மெடெய்ரோஸ். ஹொனலூலு துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். என் அம்மா எனக்கு இரண்டு சொத்து விட்டுவிட்டுப் போனாள். ஒன்று மூக்கு. மற்றது ஹெபடைடிஸ் பி கிருமி. பிறக்கும்போதே வந்து ஈரலில் குடியேறியது. மூக்கைப் போல அதுவும் என்னோடேயே வயதாகிக்கொண்டிருந்தது. இந்தக் கிருமி உள்ளவனுக்கு ஈரலில் புற்றுநோய் வரலாம் என்று டாக்டர் சோங் அவ்வப்போது என் ரத்தத்தைச் சோதிப்பார். அந்த முறை ரத்தத்தில் ஏதோ ஒன்று ஏறியிருந்தது.

"உடனே ஸ்கேன் பண்ணிடணும் அங்கிள்," என்றார். எங்கள் ஊரில் நரை விழுந்தவன் எல்லோருக்கும் அங்கிள்.

"பண்ணு. படுத்துக்கறேன்."

"போன வருஷம்னா பண்ணியிருப்பேன். இப்ப மெஷின் திட்டத்துக்குப் போயிடுச்சு. கீழ போய் இனம் பதிஞ்சுட்டு வாங்க."

திட்டத்தின் முழுப் பெயர் இனவாரி ஈரல் நலச் சமன்பாட்டுத் திட்டம். நோக்கம் உயர்ந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஈரல் புற்றுநோய் எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. ஓர் இனத்தாருக்கு அதிகம் வருகிறது. ஓர் இனத்தாருக்கு முற்றிய பிறகுதான் தெரிகிறது. ஓர் இனத்தார் சீக்கிரம் செத்துப்போகிறார்கள். எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். சீனக் குடும்பத்துக்குத் தாய் வழியில் கிருமி வந்தது, எதிர்வீட்டுக்காரனுக்குப் புட்டியில் வந்தது, இன்னொருவனுக்குக் கொழுப்பில் வந்தது. இது அநியாயம். இதைச் சரி செய்ய வேண்டும். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

சரி செய்வதற்கு முதல் வேலையாகப் பலகை மாட்டினார்கள். கீழ்த்தளத்தில் இனத்துக்கு ஒரு கவுன்டர். சீனர் கவுன்டரில் சிவப்பு விளக்கு. ஹவாய்க்காரர் கவுன்டரில் உக்குலேலே இசை. போர்ச்சுகீஸ் கவுன்டரில் சேவல் படம் போட்ட துணி. பிலிப்பினோ கவுன்டரில் எல்லோரையும் விட நல்ல தின்பண்டம். கடைசியில் 'மற்றவை' என்று ஒரு கவுன்டர். அங்கே ஒரு நாற்காலி இருந்தது. ஆள் இல்லை.

இதில் ஒரு சிக்கல். எங்கள் தீவில் யாரும் ஒரு கவுன்டரில் அடங்க மாட்டோம். இங்கே முதல்முறை சந்திக்கிறவன் கேட்கும் முதல் கேள்வியே "நீ என்ன?" என்பதுதான். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சாப்பாட்டு வண்டியில் தட்டு நிரப்பச் சொல்வதுபோல, இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று வரிசையாகச் சொல்வோம். எவ்வளவு நீளமோ அவ்வளவு பெருமை. ஒரே இனம் என்று எவனாவது சொன்னால் பாவம் என்று பார்ப்போம். எதை முதலில் சொல்வது என்பது அன்றைய மனநிலை. சீனப் புத்தாண்டில் நான் சீனன். படகுப் பந்தயத்தில் ஹவாய்க்காரன்.

அன்று வரும் வழியில் இரண்டு மலசாடா தின்றிருந்தேன். சர்க்கரையில் புரட்டிய போர்ச்சுகீஸ் போண்டா. சர்க்கரை இன்னும் மீசையில் இருந்தது.

வாசல் பதிவு மேசையில் இருந்த பெண் கேட்டாள். "நீங்க என்ன அங்கிள்?"

"போர்ச்சுகீஸ், ஹவாய், சீனம், பிலிப்பினோ, அப்புறம் ஒரு கப்பல் கேப்டன்."

"கம்ப்யூட்டர் முதல் வார்த்தையிலயே மூடிக்கிச்சு அங்கிள்."

"திறந்து மீதியப் போடும்மா."

"அது ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான் திறக்கும்."

சேவல் துணிக்குப் பின்னால் டெரிக் என்று ஒரு பையன் இருந்தான். மரியாதையான பையன். துண்டுப்பிரசுரம் கொடுத்தான்.

"உங்க ஆளுங்களுக்கு இந்த நோய் அபூர்வம் அங்கிள். வந்தா குடியால வரும். குடிப்பீங்களா?"

"வெள்ளிக்கிழமை பீர்."

"குறைச்சுக்குங்க. அடுத்த வருஷம் வாங்க."

"ரத்தத்துல ஏறியிருக்குன்னு டாக்டர் சொல்றாரு."

"ஆசிய ரத்தத்துல ஏறினா அது அறிகுறி. உங்க ரத்தத்துல ஏறினா அது ஏற்றம். அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்து மில்ட்ரெட்டிடம் சொன்னேன். என் மனைவி. அப்பா வழி அம்மா வழி எந்தப் பக்கம் திரும்பினாலும் ஜப்பானின் ஒக்கினாவாத் தீவு. அவளை நாங்கள் பாவம் என்று பார்ப்போம். அவள் எங்களைக் கதம்பம் என்று பார்ப்பாள்.

"வாயில போட்டது மலசாடா, வந்தது போர்ச்சுகல்," என்றாள். "நூடுல்ஸ் தின்னுட்டுப் போயிருந்தா இந்நேரம் ஸ்கேன் முடிஞ்சிருக்கும்."

மறுநாள் நூடுல்ஸ் தின்றுவிட்டுப் போனேன். எனக்கு வயது எழுபத்தொன்று. அந்த வயதில் ஒருவன் செய்கிற காரியமா என்று கேட்கலாம். செய்தேன்.

"இனம் மாத்தணும்னா மேல்முறையீடு பண்ணணும் அங்கிள்," என்றாள் அதே பெண்.

வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்பீர்கள். ஊரில் இருந்த எல்லா ஆஸ்பத்திரியும் திட்டத்தில் சேர்ந்துவிட்டது. சேராதவன் அநியாயத்துக்குத் துணைபோகிறவன் என்று பெயர் வருமே.

மேல்முறையீட்டை விசாரித்தவர் சமன்பாட்டு இயக்குநர் பிரெஸ்டன் விட்லாக். ஒஹாயோவிலிருந்து வந்தவர். பூப்போட்ட ஹவாய்ச் சட்டையைப் பேண்டுக்குள் செருகியிருந்தார். தீவுக்குப் புதுசு என்று அதிலேயே தெரிந்தது. நல்ல மனிதர். அநியாயம் என்ற வார்த்தையைக் கேட்டாலே கண் கலங்கிவிடும். கெட்டவனாக இருந்திருந்தால் சண்டை போட்டு ஜெயித்திருக்கலாம்.

டாக்டர் சோங் எனக்காகப் பேச வந்தார். "இவருக்குக் கட்டி இருக்கலாம். இப்ப பாத்தா சின்னது. விட்டா பெருசாகும். பாக்கிறதுக்கு ஒரு காபி குடிக்கிற நேரம்தான் ஆகும்."

"உணர்ச்சிவசப்படாதீங்க டாக்டர்," என்றார் விட்லாக். "இவரை ஆசியர்னு சொன்னா போர்ச்சுகீஸ் முன்னோர்களுக்கு அநியாயம். போர்ச்சுகீஸ்னு சொன்னா சீன முன்னோர்களுக்கு அநியாயம். யாருக்கும் அநியாயம் நடக்கக் கூடாதுங்கறதுதான் திட்டமே."

"இவருக்கு?"

"இவரும் ஒரு தரப்புதான். குறிச்சுக்கறேன்." குறித்துக்கொண்டார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார். "ஈரலுக்கு எத்தனை பாகம் டாக்டர்?"

"அறுக்கிற வசதிக்கு எட்டுன்னு பிரிச்சிருக்கோம்."

"ஒரு மனுஷனுக்குக் கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டி எத்தனை பேர்?"

"எட்டு," என்றேன் நான். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதிகாரி முகத்தில் அப்படி வெளிச்சம் வந்தால் எழுந்து ஓடிவிட வேண்டும். நான் உட்கார்ந்திருந்தேன். நாற்காலி வசதியாக இருந்தது.

தீர்மானம் இப்படி வந்தது. மேற்படி ஈரலின் எட்டுப் பாகங்களும் மேற்படியாரின் எட்டுக் கொள்ளுமுன்னோர்களுக்கு ஆளுக்கொன்றாகப் பகிர்ந்தளிக்கப்படுகின்றன. அவற்றுள் சீனப் பாகங்கள் இரண்டும் பிலிப்பினோப் பாகம் ஒன்றும் உடனடியாக ஸ்கேன் செய்யப்படும். ஹவாய்ப் பாகங்கள் இரண்டும், அவ்வினத்தார் பற்றிய புள்ளிவிவரம் போதாமையால், அது சேரும்வரை பொறுத்திருக்கும். போர்ச்சுகீஸ் பாகங்கள் இரண்டும் மதுவைக் குறைத்துக்கொள்ளும். கப்பல் கேப்டனின் பாகம் மற்றவையில் சேர்க்கப்பட்டு, ஆபத்தற்றதாகக் கருதப்படும்.

"ஏன் ஆபத்தில்ல?" என்றார் சோங்.

"மற்றவை பிரிவுல இதுவரைக்கும் ஒருத்தருக்குக்கூட ஈரல் புற்றுநோய் பதிவாகல."

"அந்தப் பிரிவுல எத்தனை பேரப் பாத்தீங்க?"

"யாரையும் பாக்கல. பாக்கத் தேவைப்படல."

எந்தப் பாகம் எந்த முன்னோருக்கு என்பதைக் குடும்பமே கலந்து பேசி முடிவு செய்யட்டும் என்று பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என் கார் கொட்டகையில் எல்லோரும் கூடினோம். வாசலில் செருப்பு மலைபோல் குவிந்தது. ஆளுக்கொரு தட்டு கொண்டுவந்தார்கள். ஈரல் படத்தைச் சுவரில் ஒட்டினேன்.

பெரியப்பா மகன் கிளாரன்ஸ் முதலில் எழுந்தான். "சீனத் தாத்தா கடை வச்சுப் பொழச்சவரு. அவருக்குப் போய் ஓரத்துப் பாகமா? நடுவுல குடு."

"கடை வச்சாரா, கள்ளத் தராசு வச்சாரா?" என்றாள் அத்தை மகள் லொரெய்ன். "ஹவாய்ப் பாட்டிக்கு நடுவுல குடுங்க. நிலத்தத்தான் பிடுங்கிட்டீங்க. ஈரல்லயாவது நல்ல இடம் குடுங்க."

பாட்டிக்கு நடுவில் கொடுத்தோம். ஸ்கேன் கிடையாது, ஆனால் நல்ல இடம்.

பிறகு கேப்டன். என் அம்மாவின் பாட்டியைக் கட்டிக்கொண்ட மாலுமி. ஸ்காட்லாந்துக்காரன் என்று ஒரு கட்சி. நார்வேக்காரன் என்று ஒரு கட்சி. கேப்டனே இல்லை, சமையல்காரன் என்று கிளாரன்ஸ். நான் மேசையைத் தட்டினேன். கேப்டன்தான் என்று மாலை வரை கத்தினேன். தொண்டை கட்டிவிட்டது. உள்ளே ஒரு கட்டி இருக்கிறது என்பது மறந்தே போயிற்று.

"நீ செத்தா கல்லறைக் கல்லுல என்ன எழுதறது? கேப்டன் பேரன்னா, சமையல்காரன் பேரன்னா?" என்றாள் மில்ட்ரெட். பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

இதைத் தீர்க்க எச்சில் பரிசோதனை என்றார்கள். அந்தச் சமயம் ஊரெங்கும் அதுதான் மோகம். குழாயில் துப்பி அனுப்பினால் உன் இனம் எத்தனை சதவீதம் என்று கம்பெனிக்காரன் சொல்லிவிடுவான். அந்தக் கிறிஸ்துமசுக்கு ஒருவர்க்கொருவர் துப்பும் குழாயையே பரிசளித்தோம். நானும் துப்பினேன். கேப்டன் பின்லாந்துக்காரன் என்று வந்தது. யாரும் கேள்விப்படாத செய்தி. நான் ஒரு வாரம் பின்லாந்துக்காரனாக நடந்தேன். யாரிடமும் பேசவில்லை. பின்லாந்தில் அப்படித்தான் என்று கிளாரன்ஸ் சொன்னான்.

படத்தைத் திருத்தி விட்லாக்கிடம் கொடுத்தோம். அவர் ஒப்புதல் கொடுப்பதற்குள் கம்பெனிக்காரன் தன் கணக்கை மேம்படுத்திவிட்டான். என் போர்ச்சுகலில் பாதி ஸ்பெயின் ஆகியிருந்தது. நான் தூங்கி எழுவதற்குள் என் ஈரலில் படையெடுப்பு நடந்து முடிந்திருந்தது. திருத்திய படத்தை மறுபடி திருத்தினோம். கோடை வந்துவிட்டது.

ஒருவழியாக ஸ்கேன் நாள் வந்தது. ஸ்கேன் எடுக்கிற பெண் திரைக்குப் பக்கத்தில் என் குடும்பப் படத்தை ஒட்டி வைத்திருந்தாள். வயிற்றில் குழம்பு மாதிரி எதையோ தடவிக் கருவியை நகர்த்தினாள். கொஞ்ச தூரம் போய் வெடுக்கென்று கையை எடுத்தாள்.

"ஏம்மா?"

"அதுக்கு அந்தப் பக்கம் ஹவாய் அங்கிள்."

"தெரியாம எட்டிப் பாத்துட்டா?"

"கண்ண மூடிக்கணும்னு பயிற்சி குடுத்திருக்காங்க."

நல்ல கெட்டித் தாளில் சான்றிதழ் கொடுத்தார்கள். மேற்படியாரின் ஈரல் எட்டில் மூன்று பங்கு புற்றுநோயற்றது. எனக்குப் பரம சந்தோஷம். வெள்ளிக்கிழமை பீர் குடிக்கிற இடத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். கையால் தொடாமல் பாருங்கள் என்றேன். துறைமுகக் கூட்டாளிகள் கை தட்டினார்கள். அவர்களில் ஒருவனுக்குக்கூட எட்டில் ஒன்று கிடையாது.

டாக்டர் சோங் கை தட்டவில்லை. "மீதி அஞ்சு?" என்றார். மறுபடி ரத்தம் எடுத்தார். முடிவைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கண்ணாடி.

"எவ்வளவு ஏறியிருக்கு?" என்றாள் மில்ட்ரெட்.

"நிறைய, ஆன்ட்டி. எங்கயோ இருக்கு. எங்கன்னு தெரியாம நான் கத்திய வைக்க முடியாது."

காரில் வீடு வரும்வரை அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

காலையில் எழுப்பினாள். "சட்டைய மாத்து. கைமுகிக்குப் போறோம்."

"அங்க ஆஸ்பத்திரி இல்லையே."

"இருக்கு. நீதான் பாத்ததில்ல."

அவள் தங்கை மகள் கைமுகியில் டாக்டர். கால்நடை டாக்டர். காத்திருக்கும் அறையில் எனக்கு இந்தப் பக்கம் ஒரு பூனை, அந்தப் பக்கம் காது ஒன்று நிமிர்ந்து ஒன்று தொங்கிய ஒரு நாய். நாய்க்காரனிடம் வரவேற்பில் இருந்த பெண் கேட்டாள். "என்ன ஜாதி?" "கலப்பு," என்றான். அடுத்து எடையைக் கேட்டாள். அவ்வளவுதான். நாய் உள்ளே போய்விட்டது. நான் அதைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் முறை வந்தது. மில்ட்ரெட் ஏதோ விவரம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கவனிக்கவில்லை. உள்ளே எஃகு மேசை. ஜில்லென்றிருந்தது.

"ஏறிப் படுங்க அங்கிள். ஆன்ட்டி, கதவச் சாத்துங்க. இது தெரிஞ்சா என் லைசென்ஸ் போயிடும்," என்றாள் தங்கை மகள்.

"நான் என்னன்னு கேக்க மாட்டியா?"

"கேட்டு?"

"எந்தப் பாகத்தப் பாக்கணும்னு தெரிய வேணாமா?"

"சில ஜாதி நாய்க்கு இடுப்பு பலவீனம். அதுங்களுக்கு இடுப்பக் கொஞ்சம் கூடுதலாப் பாப்பேன். அதுக்காக மத்த நாய்க்கு இடுப்பே இல்லன்னு நினைக்க மாட்டேன். பேசாம மூச்ச இழுத்துப் பிடிங்க."

பிடித்தேன். கருவி சீனாவைத் தாண்டியது. கை எடுபடவில்லை. ஹவாயைத் தாண்டியது. போர்ச்சுகலில் ஒரு சுற்று சுற்றியது. பின்லாந்தில் நின்றது. அவள் ஏதோ ஒரு பொத்தானை அழுத்திப் படத்தை நிறுத்தினாள்.

"இதோ," என்றாள். லிச்சிக் கொட்டை அளவுக்கு ஒரு கறுப்பு.

"அது யாரோட பாகம்?" என்றாள் மில்ட்ரெட்.

"கேப்டன்," என்றேன்.

"அந்த ஆளு போன துறைமுகத்துல எல்லாம் எதையாவது விட்டுட்டுத்தான் போவானாம். உங்கம்மா சொல்லியிருக்கா." சொல்லிக்கொண்டே என் கால் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

படத்தை அந்தப் பெண்ணே காரில் எடுத்துக்கொண்டு சோங்கிடம் ஓடினாள். படத்தின் தலைப்பில் இப்படி இருந்தது. நோயாளி: மெடெய்ரோஸ். ஜாதி: கலப்பு. கடிக்குமா: ஆம். சோங் தலைப்பைப் படித்தார். கட்டியைப் பார்த்தார். யார் எடுத்தது என்று கேட்கவில்லை. அறுவைக் கத்தியைத் திட்டத்தில் சேர்க்க அவர்களுக்கு இன்னும் தோன்றாததால், அந்த வாரமே என்னைப் படுக்கவைத்து கேப்டனை வெட்டி எறிந்தார். சின்னதாக இருக்கும்போதே பிடித்தாயிற்று. பிழைத்தேன்.

பிழைத்த பிறகுதான் எனக்கு மவுசு வந்தது. இன்னார் இனத்தில் இத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கவுன்டர்கள் ஆண்டறிக்கை கொடுக்க வேண்டும். டெரிக் வீட்டுக்கு வந்தான், மலசாடாவோடு. "நீங்க எங்க ஆளுதானே அங்கிள்?" சீனர் கவுன்டர் ஆரஞ்சு கொண்டுவந்தது. ஹவாய் கவுன்டர் மாலை போட்டது. பிலிப்பினோ கவுன்டர் வழக்கம்போல எல்லோரையும் விட நல்லதாகக் கொண்டுவந்தது. மற்றவை கவுன்டருக்குக்கூட ஆள் போட்டிருந்தார்கள். வெறுங்கையோடு வந்து வாசலில் நின்றான். எல்லாவற்றையும் வாங்கித் தின்றேன். எல்லோருக்கும் ஆம் என்றேன்.

விட்லாக் தீர்ப்புச் சொன்னார். யாருக்கும் அநியாயம் கூடாது. ஆகவே மேற்படியார் எல்லா இனங்களிலும் முழு ஆளாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவார். நோய் வந்தபோது நான் எட்டுத் துண்டு. குணமானபோது ஐந்து முழு மனிதர்கள். அந்த ஆண்டறிக்கையில் எல்லா இனத்தாரும் ஒரே அளவில் பிழைத்திருந்தார்கள். ஈரல் புற்றுநோயில் இன வேற்றுமை நீங்கியது என்று அறிவித்தார்கள்.

வைக்கிக்கியில் ஒரு பெரிய ஹோட்டலில் விருது விழா. என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். கவுன்டருக்கு ஒன்றாகக் கழுத்தில் ஐந்து மாலை. மூச்சு முட்டியது. மேடையேறி நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். பேச்சுக்கு முன்னால் சாப்பாட்டைப் பரிமாறிவிட்டார்கள். மாட்டு விலா, நெருப்பில் வாட்டியது, கத்தி படாமலே வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாம் முறையும் போட்டார்கள். சாப்பிட்ட வாயால் என்ன பேச முடியும். இயக்குநருக்கு நன்றி சொன்னேன். கவுன்டர்களுக்கு நன்றி சொன்னேன். கம்ப்யூட்டருக்கும் சொன்னேன் என்று மில்ட்ரெட் சொல்கிறாள். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். விட்லாக் அழுதார். அடுத்த ஆண்டு சிறுநீரகம் என்று அறிவித்தார். அது இரண்டுதான். எட்டுப் பேருக்கு எப்படிப் பங்கு போடுவார்கள் என்று தெரியவில்லை.

மில்ட்ரெட்டின் தங்கை மகளுக்கும் அதே வாரம் மாநிலக் கால்நடை மருத்துவ வாரியத்திலிருந்து அழைப்பு போயிற்று. அனுமதிக்கப்படாத பிராணிக்கு ஸ்கேன் எடுத்த குற்றம். யார் சொன்னது என்று விசாரித்தேன். நான்தான். பீர் குடிக்கிற இடத்தில் அவள் எடுத்த ஸ்கேன் படத்தை எல்லோருக்கும் காட்டியிருக்கிறேன். அவள் லைசென்சை ஆறு மாதம் முடக்கிவிட்டார்கள். கைமுகி நாய்கள் எல்லாம் இப்போது வேறு ஊருக்குப் போகின்றன.

எனக்குக் கொடுத்த கேடயம் வரவேற்பறையில் இருக்கிறது. திட்டத்தின் வெற்றிக்குக் காரணமானவர்கள் என்று வரிசையாகப் பெயர்கள் பொறித்திருக்கிறார்கள். இயக்குநர், துணை இயக்குநர், ஐந்து கவுன்டர், எச்சில் கம்பெனி. டாக்டர் சோங் பெயர் கடைசியில். என் பெயரும் இருக்கிறது, தப்பாக. கட்டியைக் கண்டுபிடித்தவள் பெயர் இல்லை. மேடையில் நானும் சொல்லவில்லை. வாயில் மாடு இருந்தது. இப்போது காலி.

ஜோலின் மியாஷிரோ. நாய் டாக்டர்.